செம்போத்து வராத வருடம்

சேலத்தில் இறங்கியதும் அக்கா என்னைக் கேட்ட முதல் கேள்வி, "நீ புடவை பார்க்கத்தானே வந்திருக்கே?" என்பது. ஆமாம் என்றேன். அக்காவின் மகளுக்கு மலேசியாவில், எங்கள் கிள்ளானில் கல்யாணம். அம்மாப்பேட்டைக்குப் போய் நெய்கிறவர்களிடமே பட்டு எடுக்க வேண்டும், துணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று அவர் சொன்னபோது, வீட்டில் வேறு யாரும் வாய் திறப்பதற்குள் நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். துறைமுகத்தில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறவன் நான். பட்டுக்கும் பருத்திக்கும் வித்தியாசம் தெரியாதவன். அக்காவுக்குச் சந்தேகம் வந்தது நியாயம்தான்.

எனக்கு வேறு காரியம் இருந்தது. ஆட்டையாம்பட்டிக்கும் வெண்ணந்தூருக்கும் நடுவில் 'செம்போத்து' என்ற பெயரில் மோட்டார் சைக்கிள் செய்கிற சின்னத் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் போய் நின்று, ஏன் எங்களை ஏமாற்றினீர்கள் என்று கேட்க வேண்டும். கேட்பதை அப்படியே கைப்பேசியில் படம் பிடிக்க வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

எங்கள் நாட்டில் வருடத்துக்கு ஒரு முறை ஒன்பது மணி நேர மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும். ஒரு வண்டியை இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஓட்டுவார்கள். யார் வேகம் என்பதைவிட, எந்த வண்டி கடைசிவரை தாங்குகிறது என்பதுதான் விஷயம். ஜப்பானிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பெரிய கம்பெனிகள் வரும் இடம் அது. மூன்று வருடங்களுக்கு முன்னால் அந்த வரிசையில், பெட்ரோல் டாங்கில் தமிழ் எழுத்தோடு ஒரு வண்டி வந்து நின்றது. கறுப்பு உடம்பு, இரண்டு பக்கமும் செங்கல் நிறம், செம்போத்துப் பறவையைப் போலவே. அன்று அது பதினேழாவதாக வந்தது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். மறு வருடம் பதினொன்று. அதற்கு அடுத்த வருடம் ஒன்பது.

இந்த வருடம் நாங்கள் நாற்பது பேர் ஒரே மாதிரி சட்டை தைத்துக்கொண்டு போனோம். போட்டிக்கு ஒரு வாரம் முன்பே பட்டியலிலிருந்து செம்போத்தின் பெயர் எடுக்கப்பட்டிருந்தது. கம்பெனி சொன்னது ஒரே ஒரு வரி: இந்த ஆண்டு கலந்துகொள்ளவில்லை. கடைசி நேரத்தில் வந்துவிடுவார்கள், எனக்குத் தெரியும் என்று சொல்லி எல்லாரையும் இழுத்துக்கொண்டு போனவன் நான். ஒன்பது மணி நேரம் யார் யாரோ ஓடுவதைப் பார்த்தோம். திரும்பும்போது பஸ்ஸில் யாரும் என்னோடு பேசவில்லை.

அந்த மாலையே என் வீடியோ பக்கத்தில் பேசினேன். "கேளுங்க பாஸ்" என்றுதான் எப்போதும் தொடங்குவேன். செம்போத்து பயந்து ஓடிவிட்டது என்றேன். அதன் முதல் ஓட்டுநர் செங்கோடனின் பெயரைச் சொல்லி, அவருக்கு எங்கள் ஊர் வெயிலைக் கண்டாலே நடுக்கம் என்றேன். அந்த வண்டி ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, கம்பெனிக்கு உள்ளே இருப்பவர்களே எனக்குச் சொன்னார்கள் என்றேன். செம்போத்து வைத்திருக்கிறவர்கள் தைரியமிருந்தால் நிறுத்தாமல் ஆறு மணி நேரம் ஓட்டிப் படம் எடுத்து அனுப்புங்கள் பார்க்கலாம் என்று முடித்தேன்.

உள்ளே இருக்கும் யாரையும் எனக்குத் தெரியாது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

வழக்கமாக என் பேச்சைச் சில நூறு பேர் பார்ப்பார்கள். இதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று மணிக்கொரு தரம் எடுத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் அம்மாப்பேட்டையில் போயிற்று. ஒரு வீட்டில் நுழைந்ததும் பேச்சுக் கொடுப்பதற்காக, "பசியாறிட்டீங்களா?" என்றேன். மலேசியாவில் காலையில் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் கேட்போம். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. எங்களுக்குப் பசி போலிருக்கிறது என்று நினைத்து உள்ளே போய் இட்லி கொண்டுவந்துவிட்டார். அக்கா என்னை முறைத்தார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். சாயங்காலம் தெருவோரம் தட்டுவடை செட் வாங்கித் தின்றோம். இரண்டு தட்டைக்கு நடுவில் பீட்ரூட், கேரட், சட்னி வைத்துக் கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் ரோஜாக் என்கிற காய்கறிக் கலவையைத் தட்டில் வைத்துத் தருவதற்குப் பதிலாகக் கையில் அடக்கிக் கொடுத்த மாதிரி இருந்தது. நான் ஐந்து தின்றேன். அன்று எனக்கு நல்ல பசி இருந்தது.

இரண்டாம் நாள், நண்பர் ஒருவரைப் பார்த்து வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வெண்ணந்தூர் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டரிடம் செம்போத்து மோட்டார் கம்பெனி என்றேன். மோட்டார் கம்பெனிதானே, எனக்குத் தெரியும் என்று ஆட்டையாம்பட்டி தாண்டி ஓரிடத்தில் இறக்கிவிட்டார். எதிரே ஒரு கடை. உள்ளே ஒருவர் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். மோட்டார் விஷயமாக வந்திருக்கிறேன் என்றேன்.

"கெணத்து மோட்டாருங்களா, போர் மோட்டாருங்களா?" என்று கேட்டார்.

மோட்டார் என்றால் எங்களுக்கு இரண்டு சக்கர வண்டி. இவர்களுக்குத் தண்ணீர் இறைப்பது. அவருக்கு விளக்கிச் சொல்லப் பத்து நிமிடம் ஆயிற்று. பிறகு சிரித்துவிட்டுக் கடையைப் பாதியில் போட்டு, தன் மொபெட்டின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டார். வழியில் நான் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், அங்கே மழை எப்படி என்று கேட்டுக்கொண்டே வந்தார். சோளக்காட்டுக்கு நடுவே போகிற சாலை. இரண்டு பக்கமும் விசைத்தறிகள் ஓடும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. இறக்கிவிட்டு, "வாரேனுங்க சாமி" என்று திரும்பிப் போனார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். என்னைச் சாமி என்கிறாரே என்று கூச்சமாக இருந்தது. இங்கே எல்லாரையும் அப்படித்தான் அழைப்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நான் கற்பனை செய்து வைத்திருந்த தொழிற்சாலை வேறு. இது தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. வாசலில் வேப்பமரம். உள்ளே ஒரு மூலையில் பந்தய வண்டி பின் சக்கரம் இல்லாமல் நின்றது. ஒன்பதாவதாக வந்த அதே வண்டி. கைப்பேசியை எடுக்க மறந்துபோனேன்.

சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்ட ஒரு பெண்மணி மேசையில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். அவருக்குப் பின்னால் சுவரில் ஊர்ப் பெயரும் ஆள் பெயருமாக ஒரு பெரிய பட்டியல். பெரும்பாலான பெயர்களுக்கு எதிரே சிவப்பில் ஒரு கோடு. போனை வைத்துவிட்டு என்ன வேண்டும் என்று கேட்டார். முதலாளியைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"நாந்தானுங்க. பூங்கொடி," என்றார். பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க குரல நான் கேட்டிருக்கறனுங்க. மலேசியாங்களா?"

ஆமாம் என்றேன்.

"கேளுங்க பாஸ்னு பேசுவீங்களே, அவருங்களா?"

இல்லை என்று சொல்ல ஒரு கணம் நினைத்தேன். தலையாட்டினேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று விமானத்திலேயே யோசித்து வைத்திருந்தேன். அவர் எழுந்து இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ சொன்னார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் பந்தய வண்டியைக் கடைசியாக ஒரு முறை பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பின் சக்கரத்தைத் தாங்குகிற இரட்டைக் கையில், வெல்டிங் பக்கத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். அதே சமயத்தில் வந்த இரும்பில்தான் கடையில் விற்ற வண்டிகளுக்கும் அந்தக் கையைச் செய்திருந்தார்கள். பந்தய வண்டிக்கு மட்டும் புதுக் கை செய்து மாட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்திருக்கலாம். ஒருநாள் உட்கார்ந்து பேசிவிட்டு, பந்தயம் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். வண்டி வாங்கிய ஒவ்வொருவருக்கும் போன் செய்து, நாங்கள் வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள் என்று சொன்னார்கள். போன் எடுக்காதவர்களின் வீட்டுக்கு நேரில் போனார்கள். அன்றிலிருந்து கொட்டகையில் இருக்கும் எல்லாரும் புதுக் கை செய்வதும், ஊர் ஊராகப் போய் மாட்டுவதுமாக இருக்கிறார்கள். சுவரில் இருந்தது அந்தப் பட்டியல்தான்.

இதை ஏன் வெளியே சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"வண்டி வெச்சிருக்கறவங்களுக்குச் சொல்லோணும், சொன்னோமுங்க. பாத்துட்டு இருக்கறவங்களுக்கும் சொல்லோணும்னு எங்களுக்குத் தோணலீங்க," என்றார் பூங்கொடி. "நீங்க அத்தன பேரு சட்டையெல்லாம் தெச்சுப் போட்டுட்டு வந்து உக்காந்திருந்தீங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. அது எங்க தப்புத்தானுங்க."

கேள்வி கேட்க வந்த இடத்தில் என்னிடமே மன்னிப்புக் கேட்கிறார்கள். டீயைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

அப்போது உள்ளே வந்தவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். செங்கோடன். பந்தயத் தடத்தில் தலைக்கவசத்தோடு பார்த்த உயரம் நேரில் இல்லை. முழங்கைவரை கிரீஸ். மூன்று வருடமாக அவருடைய பந்தய எண்ணைத்தான் நான் சட்டையின் முதுகில் போட்டுக்கொண்டிருக்கிறேன். பூங்கொடி நான் யார் என்று சொன்னார். செங்கோடன் கையைத் துணியில் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

இன்றைக்கு வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு வண்டிக்கு வேலை இருக்கிறது, கூடப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார் பூங்கொடி. எனக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறார் என்று நினைத்தேன்.

செங்கோடன் பழைய ஆம்னி வேனை ஓட்டினார். நான் பக்கத்தில். பின்னால் சாமான் பெட்டியும் புதுக் கை ஒன்றும். முதலில் ஆட்டையாம்பட்டிக்குத் திரும்பிப் போய் ஒரு பொட்டலம் கை முறுக்கு வாங்கிக்கொண்டார். எனக்கும் ஒன்று கொடுத்தார். முறுக்கு அவ்வளவு மென்மையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் தீபாவளிக்குச் செய்வதைக் கடித்தால் பல் போய்விடும். இப்படி ஏதாவது நினைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவரே தொடங்கினார். "நீங்க சொன்னதுல ஒண்ணு நெசந்தானுங்க. உங்கூரு வெய்யில் எனக்கு ஒத்துக்கறதில்ல. மூணு வருசமும் வந்து ரெண்டு நாள் படுத்துட்டேன்."

கோபம் இல்லாமல், நிஜமாகவே அதைத்தான் சொன்னார். நான் மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சாலையைப் பார்த்தபடி தலையாட்டினார். சரி என்பதா, இதோடு விடு என்பதா, தெரியவில்லை.

ஒரு கோழிப் பண்ணையைத் தாண்டி மண் பாதையில் திரும்புவதற்கு முன்னால் வேனை நிறுத்தினார். இப்போது போகிற வீட்டுக்காரர் பெயர் தங்கராசு என்றார். முட்டை வண்டி ஓட்டுகிறவர். கம்பெனியிலிருந்து போன் போன பிறகு தன் செம்போத்தை எடுக்காமல்தான் வைத்திருந்தார். என் வீடியோவைப் பார்த்துவிட்டு, ஆறு மணி நேரம் ஓட்டிக் காட்டுகிறேன் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். ராசிபுரம் சாலையில் பின் கை முறிந்து விழுந்ததில் தொடை எலும்பு இரண்டாக உடைந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள்.

இங்கேயே இறங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"எறங்கிக்குங்க. சேலம் பஸ்ஸு இப்படித்தானுங்க வரும்," என்றார் செங்கோடன். எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

நான் இறங்கவில்லை. தைரியத்தால் இல்லை. வெயிலில் ஒற்றை ஆளாக அந்தச் சாலையில் நின்று, அவர் என்னை விட்டுவிட்டுப் போவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு அறை வீடு. முன்னால் தகரச் சாய்ப்பில் கட்டில் போட்டு அதில் தங்கராசு படுத்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வலது கால் முழுக்கக் கட்டு. கட்டிலுக்கு எதிரே, படுத்தபடியே பார்க்கிற மாதிரி, செம்போத்து சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தது. நான் வணக்கம் சொன்னேன். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அவர் முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார்.

"அண்ணா, நீங்களா? மேனகா, இங்க வா. யாரு வந்திருக்கறாங்கன்னு பாரு. மலேசியாவுல இருந்து நம்ம ஊட்டுக்கு வந்திருக்கறாங்க."

என் கையைப் பிடித்தவர் விடவில்லை. என் எல்லா வீடியோவும் பார்த்திருக்கிறார். எனக்கே மறந்துபோன பேச்செல்லாம் அவருக்கு நினைவிருந்தது. நாலு மணி நேரம் இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டினேன், அதுவரை வண்டி ஒரு குறையும் சொல்லவில்லை, இதை அடுத்த வீடியோவில் சொல்லுங்கள் என்றார். செங்கோடனைக் காட்டி, "இவங்க பயந்தாங்கொள்ளி இல்லீங்கண்ணா. அதக் காட்டத்தான் ஓட்டுனேன்," என்றார். செங்கோடன் குனிந்து வண்டியின் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

நான் சிரித்தேன். அவர் கேட்டதற்கெல்லாம் சரி என்றேன். என்னோடு ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். குனிந்து, அவர் தலையணைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, படத்துக்கும் சிரித்தேன். "கேளுங்க பாஸ்"னு ஒருதடவ சொல்லுங்கண்ணா என்று கேட்டார். சொன்னேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

அவருடைய மனைவி மேனகா எங்களுக்குச் சோறு போட்டார். முட்டைக் குழம்பும் கீரையும். மறுக்க மறுக்கப் பரிமாறினார். காலையில் தறி ஓட்டப் போய்விட்டு மத்தியானம் வந்து கணவரைக் கவனித்துவிட்டு மறுபடி போக வேண்டும் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. அந்த மத்தியான நேரத்தைத்தான் நாங்கள் தின்றுகொண்டிருந்தோம். என்னை அவர் ஒரு முறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாப்பிட்டு முடித்து வீட்டுக்குப் பின்னால் தொட்டியருகே கை கழுவப் போனேன். மேனகா சொம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றினார். ஊற்றிக்கொண்டே தணிந்த குரலில் பேசினார்.

"வண்டிய எடுக்க வேண்டாம்னு அந்தக்கா போன் பண்ணுனப்ப நாந்தானுங்க எடுத்தேன். சாவிய அரிசி டப்பாக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டேன். உங்க வீடியோவப் பாத்துட்டு இவரு மூணு நாளாத் தேடுனாரு. பொண்டாட்டிக்குப் பயந்துட்டான்னு கூட வேல செய்யறவங்க சிரிக்கறாங்கன்னு சோறு திங்கல. மூணாம் நாளு நானே எடுத்துக் குடுத்துட்டனுங்க."

சொம்பு காலியாகிவிட்டது. என் கை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இத நான் யாருகிட்டயும் சொல்லல," என்றார்.

தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து வார்த்தைகூட இல்லை. வீடியோவில் வாய் ஓயாமல் பேசுகிறவன், கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, குழம்பு நன்றாக இருந்தது என்றேன். மேனகா சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

செங்கோடன் வேலையை முடித்திருந்தார். திரும்பி வரும் வழியில் தொட்டியருகே நடந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. சேலம் பஸ் நிற்கும் இடத்தில் என்னை இறக்கிவிட்டார். பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் இரண்டு பேர், ஒருவர் புதிதாக வாங்கிய லாரியைப் பற்றி ஊர் வந்து சேரும்வரை பேசினார்கள். எந்தக் கம்பெனி வண்டி, எவ்வளவு பாரம் இழுக்கும், எந்த ஊர் ஏற்றத்தில் திணறும் என்று ஒவ்வொன்றாக. ஒருவர் தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். அதை நான் கவனித்தேன்.

அன்று சாயங்காலமே அந்த வீடியோவை என் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டேன். விடுதி மொட்டை மாடியில் நின்று, நான் சொன்னது தப்பு, செம்போத்து ஏன் வரவில்லை என்றால் இதற்காக, என்று இன்னொன்று பேசிப் போட்டேன். அதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். கம்பெனிக்காரன் விருந்து வைத்தானா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குக் கீழே நிறையப் பேர் சிரித்திருந்தார்கள். முதல் வீடியோவை யார் யாரோ எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அதில் நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மறுபடி அம்மாப்பேட்டை. அக்கா ஒரு மாம்பழ நிறப் புடவையை விரித்து என் கருத்தைக் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். பச்சையை விரித்தார். அதுவும் நன்றாக இருக்கிறது என்றேன். உனக்கு என்ன ஆயிற்று என்றார். நெய்கிறவர்கள் உள்ளே இன்னும் சில புடவைகள் எடுக்கப் போயிருந்த நேரத்தில், பாயில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோவை நீக்கிவிட்டதையும் மன்னிப்புக் கேட்டதையும் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

அக்கா குறுக்கிடாமல் கேட்டார். "அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னே?" என்றார்.

ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

அக்கா பச்சைப் புடவையை எடுத்து மடித்தார். மடித்து முடிக்கும்வரை என்னைப் பார்க்கவில்லை. எனக்கு நாற்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் திருடி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கு அவர் முன்னால் இப்படிக் குன்றிப்போயிருக்கிறேன்.

நாலாம் நாள் காலையில் மறுபடி அதே பஸ் ஏறினேன். பாதி வழியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. அடுத்த பஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். மற்றவர்கள் டீக்கடைக்குப் போனார்கள். நான் நடந்தேன். வெள்ளரிக்காய் விற்ற ஒரு அம்மா, இந்த வெயிலில் எங்கே போகிறாய் சாமி என்று கேட்டு ஒரு காயைக் கீறி மிளகாய்த்தூள் போட்டுக் கொடுத்தார். தின்றுகொண்டே நடந்தேன். திரும்பிப் போய்விடலாம், பஸ் கெட்டுப்போய்விட்டது என்று அக்காவிடம் சொன்னால் அது பொய்யும் இல்லை என்று வழியெல்லாம் தோன்றிக்கொண்டிருந்தது. கோழிப் பண்ணை வந்ததும் மண் பாதையில் திரும்பினேன். மத்தியான நேரம். மேனகா வந்திருப்பார் என்று கணக்குப் போட்டுத்தான் வந்தேன்.

இருந்தார். கட்டிலருகே உட்கார்ந்து கணவருக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். தங்கராசுவின் முகம் அன்று போலவே மலர்ந்தது. உட்காருங்கண்ணா என்றார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அவர் பேசத் தொடங்கிவிடுவார், நான் மறுபடி சிரித்துவிடுவேன் என்று பயம்.

நின்றபடியே சொன்னேன். "கம்பெனிக்கு உள்ள இருக்கிறவங்க சொன்னாங்கன்னு நான் பேசினது பொய்ங்க. யாரும் என்கிட்ட எதுவும் சொல்லல. நான் ஒரு செம்போத்தில உட்கார்ந்துகூட பார்த்ததில்ல. நாற்பது பேர் முன்னால அவமானமாப் போச்சு. அந்தக் கோபத்துல பேசினேன்."

தங்கராசு சிரிப்பை விடாமல் என்னைப் பார்த்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு சிரிப்பு போயிற்று.

"அப்ப ஆறு மணி நேரம்னு சொன்னீங்களே, அது?" என்றார்.

"அதுவும் நானா சொன்னதுதான்."

அவர் வண்டியைப் பார்த்தார். புதுக் கை மாட்டி, துடைத்து, சாயாமல் நேராக நின்றது.

"நாலு மணி நேரம் இருவது நிமிசம் ஓட்டுனனுங்க," என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "இவகிட்டச் சண்ட போட்டுச் சாவி வாங்குனேன். இவ மாட்டேன்னுதான் சொன்னா. மூணு நாளு மாட்டேன்னு சொன்னா."

மேனகாவின் கை தட்டில் அப்படியே நின்றது.

சாவி கொடுத்தது மேனகாவின் தப்பு இல்லை, உங்கள் தப்பும் இல்லை, எல்லாம் என் பேச்சால் வந்தது என்று சொன்னேன். இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம். சொன்னபோது அதற்கு ஒரு கனமும் இல்லை. அவர்கள் இருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கராசு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "போயிட்டு வாங்க," என்றார். அண்ணா என்று சொல்லவில்லை.

நான் வெளியே வந்தேன். படலைத் திறக்கும்போது பின்னால் மேனகா வந்து நின்றார். கையில் சோறு ஒட்டியிருந்தது. ஏதாவது கேட்பார், அல்லது திட்டுவார் என்று நின்றேன்.

"உழுந்ததுல இருந்து சிரிச்சுக்கிட்டே இருந்தாருங்க. ஆசுபத்திரியில கம்பி வெக்கறப்பக்கூட. எனக்கு அதப் பாத்துத்தான் பயமா இருந்துச்சு," என்றார். "இன்னைக்குத்தான் கோவப்படறாரு."

உள்ளேயிருந்து தங்கராசு அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குரல் கரகரத்திருந்தது. "இதா வாரனுங்க," என்று குரல் கொடுத்துக்கொண்டே மேனகா ஓடினார். படலை நான்தான் சாத்திவிட்டு வந்தேன்.